கண்ணாடியின் உள்பக்கம் கை படக் கூடாது

பட்டறையில இப்ப வேலை பாக்கற புள்ளைங்க போன வாரம் என்ர ஊட்டுக்கு வந்திருந்தாங்க. "அக்கா, இப்பெல்லாம் ஹெட்லைட் கண்ணாடி கூரியர்லயே வந்துருது. சனங்க ஊட்டுலயே வெச்சு மாத்திக்கறாங்க. மாத்திப்போட்டு, பனி புடிக்குது, தண்ணி பூந்துருச்சுன்னு நம்மகிட்ட ஓடி வர்றாங்க. எதைச் செய்யோணும், எதைச் செய்யக் கூடாதுன்னு நீங்க சொன்னா போன்ல புடிச்சுப் போடறோம்"னாங்க. போனைப் பாத்து எனக்குப் பேச வராது, மூஞ்சி கோணிக்கும். எழுதித் தாரேன், போங்கடான்னு அனுப்பிட்டேன்.

எழுத உக்காந்தா ஒண்ணே ஒண்ணுதான் முன்னால வந்து நிக்குது. கண்ணாடியோட உள்பக்கம் கை படக் கூடாது. அது ஏன்னு சொல்லோணும்னா எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஊட்டுல நடந்ததைச் சொல்லோணும். அதுக்கு முந்தி எங்க மொதலாளி பாயைச் சொல்லோணும்.

நாமக்கல்ல சேலம் ரோட்டுல எங்க பட்டறை. லாரி, பஸ்சு, காரு எது வந்தாலும் முன்லைட்டு வேலை மட்டுந்தான். என்ர ஊட்டுக்காரர் லாரிக்குப் போயிட்டிருந்தவரு, ஒடம்பு முடியாம ஊட்டோட உக்காந்துட்டாரு. கூட்டிப் பெருக்கறதுக்குன்னு நான் அங்க சேந்தேன். அப்பறம் கண்ணாடி தொடைக்கக் குடுத்தாங்க, பசை போடக் குடுத்தாங்க, கடைசியில லைட்டைப் பிரிச்சு மூடற வேலையே எங்கிட்ட வந்துருச்சு. பொம்பளைக்குப் பட்டறையில என்ன வேலைன்னு கேட்ட டிரைவருங்களுக்கு நானே பதில் சொல்லியிருக்கேன். என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

மொதலாளி காதர் பாய் சேலத்துக்காரரு. தினமும் பஸ்சுல வருவாரு. வரும்போதே செவ்வாய்ப்பேட்டையில ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிட்டு வந்துருவாரு. எப்பவும் வெள்ளைச் சட்டை. சாயந்தரம் கிளம்பும்போதும் அது வெள்ளையாவே இருக்கும், எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. சத்தம் போட மாட்டாரு. கோவம் வந்தா இன்னும் மெதுவாப் பேசுவாரு. நாமதான் கிட்டப் போய்க் காதைக் குடுக்கோணும். திட்டு வாங்கறதுக்கு நாமளே நடந்து போய்ப் பக்கத்துல நிக்கறது இருக்குதே, அந்தக் கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

அவருகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு. லைட்டை மூடறதுக்கு முன்னால, நாங்க தொடைச்சு வெச்ச கண்ணாடியை ஓரம் மட்டும் புடிச்சுத் தூக்குவாரு. உள்பக்கத்தை வாய்க்கிட்டக் கொண்டு போய் "ஹா"ன்னு ஒரு ஊது ஊதுவாரு. வெளிச்சத்துல பளிச்சுனு சுத்தமாத் தெரிஞ்ச கண்ணாடிதான் அது. ஊதினதும் ஆவி படியும். எங்கயாவது விரல் பட்டிருந்தா அந்த எடத்துல மட்டும் ஆவி புடிக்காது, ரேகை ரேகையாத் தனியாத் தெரியும். நம்ம கையில இருக்கிற எண்ணெய்ப் பசை அது. கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும்.

"பாவாயி. இடது பெருவிரல்"னு சொல்லிக் கண்ணாடியை என் பக்கம் நகத்துவாரு. எங்க எல்லாரு ரேகையும் அவருக்குத் தெரியும்.

ஒரு தடவை எனக்கு எரிச்சல் வந்துருச்சு. "ஏனுங்க பாய், ரேகையோட மூடினா லைட்டு எரியாதுங்களா?"ன்னு கேட்டுட்டேன்.

"எரியும்மா. நல்லாவே எரியும்"னாரு. "ஆனா பனி பிடிக்கறப்ப எல்லாம் உன் விரல் அங்க வந்து நிக்கும். அந்த லைட்டு இருக்கற வரைக்கும் நிக்கும். ஊரான் வண்டியில நீ எதுக்கும்மா நிக்கணும்?"

அதுக்கப்பறம் கையுறை இல்லாம நான் கண்ணாடியைத் தொட்டதே இல்ல.

அவரு இன்னொண்ணும் சொல்லுவாரு: லைட்டும் மூச்சு விடணும். லைட்டுக் கூட்டுக்குப் பின்னால சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். பல்பு எரியறப்ப சூடான காத்து அது வழியா வெளிய போவும், அணைஞ்சா உள்ள வரும். தண்ணி பூந்துரும்னு பயந்து அதை அடைச்சுட்டா உள்ள இருக்கற ஈரம் வெளிய போகாது. அஸ்ஸாம் போயிட்டு வந்த ஒரு லாரிக்காரரு அப்படி அடைச்சு வெச்சுட்டு, பாதி லைட்டுக்குத் தண்ணியோட வந்து நின்னாரு. சுவிட்சைப் போட்டா வெளிச்சத்துக்குள்ள புழு புழுவா என்னமோ நெளியுது. அத்தனையும் கொசுக்குஞ்சு. "ஏனுங்க, லைட்டுல மீன் வளக்கறீங்களா?"ன்னு கேட்டு ஊரே சிரிச்சுது. அவரு மட்டும் சிரிக்கல. ராத்திரி ரோட்டு மேல பெருசு பெருசா என்னமோ நீந்திட்டே வந்துச்சுன்னும், பயந்து போய் ரெண்டு எடத்துல வண்டியை ஓரங்கட்டிட்டேன்னும் சொன்னாரு. உள்ள இருக்கறது இத்தனூண்டு. வெளிச்சம் அதை எம்மாம் பெருசாக் காட்டிருச்சு பாருங்க.

பாய் காலமானதுக்கப்பறம் ஒரு நாள், அவரு கையால மூடின பழைய லைட்டு ஒண்ணு பட்டறைக்கு வந்துச்சு. பிரிச்சேன். பழக்க தோசத்துல உள்பக்கம் ஊதினேன். மூலையில ஒரு ரேகை வந்துச்சு. எங்க யாருதும் இல்ல, நடுவுல தழும்பு போட்ட பாயோட பெருவிரல். கடைசிக் காலத்துல அவருக்குக் கை நடுங்கியிருக்கு, பாவம். ஆவி மறையற வரைக்கும் பாத்துட்டு நின்னேன். அப்பறம் ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சுட்டேன். அவரு இருந்தா அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாரு. இருந்தாலும் அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

பின்ன என்ர கண்ணுலயே பொரை வந்து, டாக்டரு எனக்கே கண்ணாடி மாத்தி உட்டாங்க. அத்தோட வேலைக்குப் போறதை நிறுத்திக்கிட்டேன். தெரிஞ்சவங்க யாராவது கூப்புட்டா மட்டும் ஊட்டுக்கே போய்ச் செஞ்சு குடுப்பேன்.

அப்படிக் கூப்புட்டவருதான் செந்தில். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில சூப்பர்வைசர். "அக்கா, நானே ஊட்டுல வெச்சு ரெண்டு கண்ணாடியும் புதுசு மாத்தினனுங்க. பனி புடிச்சுக்குதுங்க. இடது பக்கம் மட்டும் மாத்தோணுங்க. புதுக் கண்ணாடி ஒண்ணு கூரியர்ல வரவெச்சிருக்கறன், வந்து போட்டுக் குடுங்க"ன்னாரு. கொரல்ல என்னமோ ஒரு மாதிரி இருந்துச்சு. பனி புடிக்கறதுக்கு ஆம்பளை எதுக்கு அழுவற மாதிரி பேசறான்னு நெனச்சேன். ஆனாலும் வாரேன்னு சொல்லிட்டேன்.

நான் போனப்ப நல்ல மத்தியான வெய்யில். பஸ்சை உட்டு எறங்கி அந்த வீதியில நடக்கறேன், ஒரு ஊட்டு வாசல்லயும் ஆளைக் காணோம். வழி கேக்கலாம்னு ஒரு அம்மாவைக் கூப்புட்டா, "அந்தக் கார் ஊட்டுக்குங்களா?"ன்னு கேட்டுட்டு, பதில் சொல்லறதுக்குள்ள கதவைச் சாத்திக்கிச்சு.

ஊடு தெரிஞ்சுது. வாசல்ல வெள்ளைக் காரு. அந்த வெய்யில்ல ரெண்டு ஹெட்லைட்டும் எரிஞ்சுட்டு இருக்குது. மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு, ஆனா காரோட முன்பக்கமும் தரையும் சொட்டச் சொட்ட ஈரம். காருக்கு முன்னால ஒரு சின்ன வயசுப் பொம்பளை குத்த வெச்சு உக்காந்திருக்கா. தலை சிக்குப் புடிச்சுக் கெடக்கு. கையில தண்ணிச் சொம்பு. ஊட்டுக்குள்ள கைக்கொழந்தை ஒண்ணு வீல் வீல்னு கத்துது. அவ திரும்பியே பாக்கல.

"ஏஞ்சாமி, கொழந்தை அழுவுது பாரு"ன்னேன்.

"சத்தம் போடாதீங்க்கா"ன்னா. "இப்பத்தான் வருவா."

சொம்புத் தண்ணியை இடது லைட்டு மேல மெதுவா ஊத்தினா. உள்ள பல்புச் சூடு, வெளிய குளுந்த தண்ணி. கண்ணாடிக்கு உள்பக்கம் ஓரத்துல இருந்து வெள்ளையா ஆவி படிஞ்சுட்டே வந்துச்சு. நடுவுக்கு வந்ததும் ஒரு எடத்தைச் சுத்திக்கிட்டு நின்னுருச்சு. மொதல்ல ஒரு விரல். அப்பறம் ரெண்டு. அப்பறம் உள்ளங்கை. இத்தனூண்டு கை, கொழந்தை கை. சுண்டுவிரல் லேசா வளைஞ்சிருந்துச்சு. உள்ள இருந்து யாரோ வெளிய வரப் பாத்துக் கண்ணாடியில கையை வெச்சு அழுத்தற மாதிரியே இருந்துச்சு. இத்தனை வருசம் இந்த வேலை பாத்தவ நான், அது என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கால் ரெண்டும் பின்னாடி போச்சு.

அவ வெளிப்பக்கத்துல தன்ர கையை அந்தக் கை மேல வெச்சா. கொஞ்ச நேரந்தான். சூட்டுக்கு ஆவி வத்த ஆரம்பிச்சுது. உள்ளங்கை போச்சு, விரல் ஒண்ணொண்ணாப் போச்சு, வளைஞ்ச சுண்டுவிரல் கடைசியாப் போச்சு. அவ மறுபடியும் சொம்பை மொண்டா.

செந்தில் என்னைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னாரு. பெரிய பொண்ணு யாழினி, அஞ்சு வயசு. இவரு கண்ணாடி மாத்தின அன்னைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. புதுக் கண்ணாடியை எடுத்து மூஞ்சிக்கு நேரா வெச்சு, உள்பக்கம் கையை அழுத்திக்கிட்டு, "அப்பா, நான் லைட்டுக்குள்ள இருக்கறேன்"னு வெளையாடிருக்கு. இவரு சிரிச்சுட்டே வாங்கி ஒட்டிட்டாரு. தொடைக்கோணும்னு அவருக்கு யாரு சொன்னா? தண்ணி பூந்துரக் கூடாதுன்னு காத்து ஓட்டையையும் பசை வெச்சு அடைச்சிருக்காரு. கொஞ்ச நாள்ல காய்ச்சல் வந்து புள்ளை போயிருச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு பனிக்காலத்து விடியக்காலையில இவரு பண்ணைக்குக் கிளம்ப லைட்டைப் போட்டிருக்காரு. வழியனுப்ப வந்த பொண்டாட்டி கோமதிதான் மொதல்ல கையைப் பாத்திருக்கா.

"ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் காரை வித்துப்போடுங்கறாங்க. பூசாரியைக் கூப்புடுங்கறாங்க. வீதியில ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்லீங்க"ன்னாரு. "அவ திங்கறதில்ல, தூங்கறதில்ல. கொழந்தைக்குப் பால் குடுக்கறதில்ல, புட்டிப்பால் அவனுக்குச் சேர மாட்டேங்குது, எளைச்சுட்டே போறான். அந்தக் கையைத் தொடைச்சுப்போட்டு, புதுக் கண்ணாடியை மாட்டிருங்க்கா. ஒண்ணு போச்சு. இருக்கறதையாவது காப்பாத்தோணுங்க."

கொழந்தையைப் போய்ப் பாத்தேன். தொட்டில்ல காஞ்ச சுள்ளியாட்டக் கெடந்துச்சு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நேரா வாசலுக்குப் போய், "ஏம்மிணி, பெத்த புள்ளை பசியில கத்துது, உனக்குக் காது கேக்குதா இல்லையா?"ன்னு சத்தம் போட்டுட்டேன்.

அவ நிமிந்து பாத்தா. "கேக்குதுங்க்கா. அவன் அழுவறான், இருக்கறான். அவ அழக் கூட மாட்டேங்கறாளே"ன்னா.

அவ பக்கத்துலயே ஈரத்துல உக்காந்தேன். பாயோட பெருவிரல் நெனப்புக்கு வந்துச்சு. அதைத் தொடைச்சது சரின்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா இந்தக் கையை என்னால தொடைக்க முடியாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

"நான் கண்ணாடியை மாத்தப் போறேன், ஆனா தொடைக்க மாட்டேன். அந்தக் கண்ணாடியைக் கழட்டி உங்கிட்டயே குடுத்துருவேன். சத்தியம்"னேன்.

"கழட்டினாப் போயிராதுங்களா?"

"தெரியாது சாமி. போகாமப் பாத்துக்கறேன்."

பம்பர் போல்ட்டைக் கழட்டி, ஒயரைப் பிரிச்சு, லைட்டை வெளிய எடுத்தேன். அவ கோரைப்பாயை விரிச்சா, அது மேல வெச்சேன். ஓரத்துல இருக்கற பசை எளகறதுக்குச் சூடு காத்து குடுக்கோணும். வழக்கமா லைட்டை முழுசாச் சூடு பண்ணுவோம், அதுதான் சுலபம். இங்க அது ஆகாது. நடுவுல சூடு ஏறினா ரேகை எளகிப் போயிரும். கண்ணாடி நடுவுல ஈரத்துணியை மடிச்சுப் போட்டுட்டு, ஓரத்தை மட்டும் துளித்துளியாச் சூடு காட்டினேன். தட்டைத் திருப்புளியை உட்டு ஒவ்வொரு கிளிப்பாத் தூக்கினேன். கருப்புப் பசை வெல்லப்பாகாட்ட நூல் நூலா இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஒரு நூல் உள்பக்கம் உழுந்தாலும் போச்சு. நூலை ஒவ்வொண்ணாக் கத்தரிச்சேன். அவ எனக்கு நேரா மண்டி போட்டுக்கிட்டு இமைக்காமப் பாக்கறா. செந்தில் செவுத்துல சாஞ்சு நிக்கறாரு. கொழந்தை அழுது அழுது ஓஞ்சு போச்சு.

கண்ணாடி கழண்டு வந்துச்சு. ஓரத்தைப் புடிச்சு வெய்யில்ல தூக்கிக் காட்டினேன். சுத்தமா இருந்துச்சு. ஒரு கறை இல்ல, ஒரு கோடு இல்ல.

கோமதி மூஞ்சி வெளுத்துப் போச்சு. "போயிட்டாளுங்களா?"ன்னா.

"ஊதிப் பாரு"ன்னேன்.

"நீங்க ஊதுங்க."

"நான் ஊத மாட்டேன். நீ பெத்தவ, நீ ஊது. ஓரத்தைப் புடி, உள்பக்கம் மட்டும் தொட்டுறாத. தொட்டாத்தான் போயிரும்."

மொத தடவை மூச்சே வரல. ரெண்டாந் தடவை "ஹா"ன்னா. கண்ணாடி வெளுத்துச்சு. நடுவுல சின்னக் கை வந்து நின்னுச்சு, அஞ்சு விரலோட, சுண்டுவிரல் வளைஞ்சபடியே.

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை என்னத்தச் சொல்ல, எனக்கு அழுகை வந்துருச்சு. தண்ணி வேண்டாம், காரு வேண்டாம், லைட்டு வேண்டாம். அவ மூச்சு விட்டாப் போதும், புள்ளை வந்துரும். மறுபடி ஊதினா, மறுபடி வந்துச்சு. அப்பறம் எழுந்து உள்ள போய்ப் புள்ளையோட பச்சைப் பாவாடை ஒண்ணை எடுத்துட்டு வந்து, கண்ணாடியை அதுல பக்குவமாச் சுத்தினா. அதை மடியோரம் வெச்சுக்கிட்டு, "அவனை எடுத்துட்டு வாங்க"ன்னு செந்தில்கிட்டச் சொன்னா. கொழந்தை வாய் வெச்சுக் குடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. செந்தில் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நான் மிச்ச வேலையைப் பாத்தேன். பழைய பசையைச் சுத்தமா வழிச்செடுத்தேன். காத்து ஓட்டை அடைப்பை எடுத்தேன். கையுறை போட்டுக்கிட்டுப் புதுக் கண்ணாடியைத் தொடைச்சு, ஊதிப் பாத்து, பசை வெச்சு ஒட்டினேன். வலது பக்கத்து ஓட்டையையும் தொறந்து உட்டேன். பொழுது சாயறப்ப லைட்டைப் போட்டுச் செவுத்துல வெளிச்சம் மட்டமா உழுவுதான்னு பாத்தோம். கண்ணாடி சூடானதும் ஒரு சொம்புத் தண்ணியை ஊத்தினேன். ஆவி புடிக்கல, ஒண்ணும் வரல. எதுத்த ஊட்டு ஜன்னல் லேசாத் தொறந்து மறுபடி மூடிக்கிச்சு.

அது முடிஞ்சு ஒரு வருசம் போச்சு. போன மாசம் பட்டறைக்குச் சும்மா போயிருந்தேன். கோமதி வந்தா. தலை வாரி, பூ வெச்சு, ஒடம்பு தேறியிருந்தா. இடுப்புல பையன் கொழுகொழுன்னு இருந்தான், எறங்கி ஓடப் பாக்கறான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. தோள் பையில இருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தா. எனக்கு அது என்னன்னு தெரியும்.

"அக்கா, உங்ககிட்டக் காட்டோணும்னு வந்தேன். ஊட்டுல அவுங்ககிட்டச் சொன்னா வையறாங்க"ன்னா. துணியைப் பிரிச்சு, கண்ணாடியோட ஓரத்தைப் புடிச்சு, "ஹா"ன்னு ஊதினா.

கை வந்துச்சு. விரலெல்லாம் நீண்டிருந்துச்சு. உள்ளங்கை அகலமாயிருந்துச்சு.

எண்ணெய்ப் பசை பரவும். ஊத ஊதப் பரவும், பரவி மங்கி ஒரு நாள் ஒண்ணுமில்லாமப் போயிரும். அது எனக்குத் தெரியும். அன்னைக்கே அவகிட்டச் சொல்லோணும்னு நெனச்சுச் சொல்லாமலே உட்டிருந்தேன். ஆனா பரவினா ஓரம் மங்கோணும். இதுல ஓரம் மங்கல. ஒவ்வொரு ரேகையும் கோடு போட்டாப்புலத் தெரியுது. சுண்டுவிரல் அதே மாதிரி வளைஞ்சிருக்கு. என்ர கண்ணுல புதுசா வெச்ச கண்ணாடி நல்லாத்தான் தெரியுதான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

"பெருசாயிருக்குதுங்க தானே?"ன்னு கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்தா.

பாயா இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியல. "வளர்ற வயசுதானே சாமி"ன்னேன்.

"அதாங்க்கா நானும் நெனச்சேன்"னு சொல்லிக் கண்ணாடியைத் திரும்பவும் துணியில சுத்தினா. அப்பத்தான் துணியைப் பாத்தேன். அந்தப் பழைய பச்சைப் பாவாடை இல்ல அது. மடிப்புக் கலையாத புதுப் பாவாடை, ஒரு சாண் நீளம் சேத்துத் தெச்சது.

"பழசு அவளுக்குப் பத்தலீங்க"ன்னா.